கோரீடரில் தொடுதிரைச் சைகைகளைக் கைக்கேற்ப அமைத்தல்: முழுமையான வழிகாட்டி

மின்நூல் கருவியில் கோரீடர் செயலியை நிறுவிய கையோடு சைகைப் பட்டியலைத் திறந்து, கண்ணில் படுவதற்கெல்லாம் ஒரு வேலையைக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு நாளில் எது எதற்கு என்பது மறந்துபோகும். எங்கே தொட்டாலும் எதிர்பாராதது நடக்கும். பிறகு கருவி மூலைக்குப் போய்விடும். என் அப்பா, அத்தை, உடன் வேலை செய்யும் ஒரு பெண் என்று மூவருக்கு நான் இதை அமைத்துக் கொடுத்தேன். மூவருமே வேறு வேறு இடத்தில் தடுமாறினார்கள். மூவருக்கும் தீர்வு தந்தது ஒரே வரிசைதான்: முதலில் கையைப் பார்க்க வேண்டும், அடுத்து நேர அளவுகளைச் சரிசெய்ய வேண்டும், பிறகு தொந்தரவு தருபவற்றை நீக்க வேண்டும், கடைசியாகத்தான் புதியவற்றைச் சேர்க்க வேண்டும். வரிசையை மாற்றினால் அமைத்ததையே மறுபடி அமைக்க வேண்டியிருக்கும்.

தொடங்கும் முன் தேவையானவை

கோரீடர் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்க வேண்டும். கோபோ கருவியில் கணினியோடு இணைத்துக் கோப்புகளை நகலெடுத்தால் போதும். கிண்டிலில் முதலில் ஜெயில்பிரேக் செய்தாக வேண்டும், அதாவது வெளிச் செயலிகளைத் தடுக்கும் பூட்டை நீக்க வேண்டும். எல்லா கிண்டில் மென்பொருள் பதிப்புகளிலும் அது முடியாது என்பதால், வாங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பாதி படித்த ஒரு இபப் (மின்நூல் கோப்பு வடிவம்) புத்தகம், மெல்லிய பஞ்சுத்துணி, ஒரு துண்டுத்தாள், பேனா. இவற்றோடு ஒரு மணி நேரம் வேண்டும். யாருடைய கருவியோ அவர் உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் இல்லாமல் அமைத்தால் உங்கள் கைக்குத்தான் அமைப்பீர்கள்.

1. திரையைத் துடையுங்கள், உறையைக் கவனியுங்கள்

பழைய கருவிகள் சிலவற்றில், 2011இல் வந்த கிண்டில் டச், கோபோ டச் போன்றவற்றில், விரலை உணர்வது அகச்சிவப்புக் கதிர். திரையின் விளிம்பைச் சுற்றிக் கதிர்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். விரல் அவற்றை மறைக்கும் இடத்தைக் கருவி கணக்கிடும். சட்டத்தின் மூலையில் தங்கிய தூசியும் கதிரை மறைக்கும். தானாகவே பக்கம் திரும்புகிறது என்று புலம்புபவர்களின் கருவியில் நான் முதலில் பார்ப்பது அந்த மூலையைத்தான். புதிய கருவிகளில் பெரும்பாலானவை செல்போன் போல மின்னேற்றத்தை உணர்பவை. அவற்றுக்கு ஈரக் கை ஆகாது.

உறையின் விளிம்பு திரையைவிட உயர்ந்திருந்தால், ஓரத்திலிருந்து தொடங்கும் ஸ்வைப் (விரலைத் திரையில் வைத்து இழுப்பது) எதுவும் ஒழுங்காகப் பதியாது. எப்போதும் உறையோடுதான் படிப்பார் என்றால் உறையோடே அமையுங்கள்.

2. பெருவிரல் எங்கே தங்குகிறது என்று பாருங்கள்

புதியவர்கள் தாண்டிச் செல்லும் படி இது. தொல்லைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

அப்பா ஒரு நாள் கருவியைக் கொண்டுவந்து நீட்டினார். "இதற்கு உயிர் போய்விட்டது போலிருக்கிறது, பார். விளக்கு தானாக அணைகிறது, தானாக எரிகிறது." நான் வாங்கிப் பத்துப் பக்கம் படித்தேன். ஒன்றும் ஆகவில்லை. திரும்பக் கொடுத்தேன், இரண்டாவது பக்கத்திலேயே விளக்கு அணைந்தது.

திரையைத் துடைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் படிக்கச் சொன்னேன். பிறகு கருவியை உறங்கவைத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கீழ் இடது மூலையில், எட்டணா நாணய அளவுக்கு எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு பெருவிரல் தடம். அங்கிருந்து இடது ஓரமாக மேல்நோக்கி ஒரு மெல்லிய இழுப்பு. கருவியைச் சற்று மேலே தூக்கிப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் விரல் அப்படி வழுக்கியிருக்கிறது. கோரீடரில் கீழ் இடது மூலையைத் தட்டினால் விளக்கு அணையும் அல்லது எரியும். இடது ஓரத்தில் மேலும் கீழும் ஸ்வைப் செய்தால் வெளிச்சம் கூடும், குறையும். இரண்டும் செயலியோடு வரும் அமைப்புகள். அப்பாவின் பெருவிரல் நாள் முழுவதும் இந்த இரண்டையும் இயக்கிக்கொண்டிருந்தது. பழுது எதுவும் இல்லை.

நீங்களும் இதையே செய்யுங்கள். துடையுங்கள், படிக்கவிடுங்கள், சாய்த்துப் பாருங்கள். துண்டுத்தாளில் ஒரு செவ்வகம் வரைந்து தடம் தெரியும் இடத்தைக் குறியுங்கள். படுத்துக்கொண்டு படிப்பவருக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டு படிப்பவருக்கும் தடம் வேறாக இருக்கும். அவர் எப்படிப் படிப்பாரோ அப்படியே படிக்கவிட்டுப் பாருங்கள்.

அளவையும் மனத்தில் வையுங்கள். கோரீடரில் மூலை என்பது திரை அகலத்திலும் உயரத்திலும் எட்டில் ஒரு பங்கு. ஆறு அங்குலத் திரையில் அது ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் அகலம், 15 மில்லிமீட்டர் உயரம். பெருவிரல் நுனி அதை முழுவதுமாக மூடிவிடும்.

3. நேர அளவுகளை முதலில் திருத்துங்கள்

திரையின் மேல்பகுதியைத் தட்டினால் பட்டியல் இறங்கும். பற்சக்கரப் படத்தைத் தொட்டால் 'டாப்ஸ் அண்ட் ஜெஸ்ச்சர்ஸ்' என்ற வரி வரும். அதற்குள் 'ஜெஸ்ச்சர் இன்டர்வல்ஸ்' இருக்கிறது. நாம் தொடுவதைத் தட்டலாக எடுத்துக்கொள்வதா, அழுத்திப் பிடித்ததாக எடுத்துக்கொள்வதா என்பதை இங்கே உள்ள எண்கள்தான் முடிவு செய்கின்றன. இவை சரியில்லாமல் மேலே எதை அமைத்தாலும் நிற்காது.

அத்தைக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. "பக்கத்தைத் தட்டினால் அகராதி வருகிறது. அகராதியை மூடினால் மறுபடி அகராதி வருகிறது" என்றார். "கொஞ்சம் வேகமாகத் தட்டுங்கள், அத்தை" என்று சொன்னேன். அது தவறான அறிவுரை. அவர் விரலை வைத்து, பதிந்துவிட்டதா என்று உறுதிசெய்துகொண்டு எடுப்பவர். வாழ்நாள் முழுவதும் அப்படித்தான் சுவிட்சையும் கால்குலேட்டரையும் அழுத்தியிருக்கிறார். செயலியோ அரை நொடிக்கு மேல், அதாவது 500 மில்லிநொடிக்கு மேல் விரல் இருந்தால் அழுத்திப் பிடித்ததாக எடுத்துக்கொள்கிறது. 'லாங் பிரஸ் இன்டர்வல்' என்ற இடத்தில் 500ஐ 900 ஆக்கினேன். அகராதி வருவது அன்றே நின்றது. அதற்குப் பிறகு அவரிடம் வேகமாகத் தட்டச் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

கை நடுங்குபவர்களுக்கு அடுத்த எண் முக்கியம்: 'டாப் இன்டர்வல்'. முதல் தட்டலுக்குப் பிறகு இத்தனை மில்லிநொடிக்குள் வரும் வேறு தட்டல்களைக் கணக்கில் எடுக்காதே என்று இது சொல்கிறது. தொடக்கத்தில் சுழியமாக இருக்கும். ஒரு தடவை தட்டினால் இரண்டு பக்கம் திரும்புகிறது என்பவர்களுக்கு 200இல் தொடங்கி, தேவைப்பட்டால் 300 வரை கூட்டுங்கள். அதற்கும் மேலே போனால் வேகமாகப் பக்கம் தள்ளும்போது சில தட்டல்கள் விழுங்கப்படும்.

இரட்டைத் தட்டல் தொடக்கத்தில் நிறுத்திவைக்கப்பட்டிருக்கும். அப்படியே விடுங்கள். அதை இயக்கினால், ஒரு முறை தட்டியதும் இரண்டாவது தட்டல் வருமா என்று செயலி காத்திருக்கும். தொடக்க அளவு 300 மில்லிநொடி. மின்மைத் திரை (இ-இங்க்) தன் இயல்பிலேயே மெதுவாகத்தான் புதுப்பித்துக்கொள்ளும். ஒவ்வொரு பக்கத்துக்கும் அதன்மேல் இந்தக் காத்திருப்பையும் ஏற்றினால் கருவியே மந்தமாகிவிட்டது போலத் தோன்றும்.

ஒரு எண்ணை மாற்றியதும் ஐந்து பக்கம் படிக்கவிட்டு, அதன் பிறகே அடுத்ததை மாற்றுங்கள். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது.

4. தொந்தரவு தருபவற்றை நீக்குங்கள்

அதே பட்டியலில் 'ஜெஸ்ச்சர் மேனேஜர்' இருக்கிறது. மூலையைத் தட்டுவது, மூலையை அழுத்திப் பிடிப்பது, ஒரு விரல் ஸ்வைப், இரு விரல் சைகைகள் என்று பிரிவுகள் வரும். ஒவ்வொரு சைகையின் பக்கத்திலும் இப்போது அதற்குள்ள வேலை எழுதியிருக்கும். பதிப்புக்குப் பதிப்பு சிறு மாற்றங்கள் இருக்கலாம், ஆகவே உங்கள் திரையில் எழுதியிருப்பதையே நம்புங்கள்.

துண்டுத்தாளை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். பெருவிரல் தடம் எந்த மூலையிலும் ஓரத்திலும் விழுகிறதோ அங்குள்ள சைகைகளை மட்டும் திறங்கள். உள்ளே இரண்டு வழிகள் தெரியும்: 'பாஸ் த்ரூ', 'நத்திங்'. இவற்றின் வேறுபாடு புரியாமல்தான் பலர் வட்டமடிக்கிறார்கள்.

'பாஸ் த்ரூ' என்றால் இந்தச் சைகைக்குத் தனி வேலை இல்லை, தொடுதலைக் கீழே அனுப்பிவிடு என்று பொருள். கீழே என்ன இருக்கிறதோ அது நடக்கும். திரையின் அடிப்பகுதியைத் தட்டினால் எழுத்து அமைப்புப் பட்டியல் திறக்கும் என்பதால், கீழ் மூலைக்கு 'பாஸ் த்ரூ' கொடுத்தால் விளக்கு அணைவதற்குப் பதில் அந்தப் பட்டியல் எழும்பும். ஒரு தொல்லை போய் இன்னொன்று வரும்.

'நத்திங்' என்றால் தொடுதல் அங்கேயே முடிந்துவிடும். விரல் ஓய்வெடுக்கும் இடத்துக்கு வேண்டியது இதுதான். அப்பாவின் கருவியில் கீழ் இடது மூலைத் தட்டலுக்கும், இடது ஓர ஸ்வைப் இரண்டுக்கும் 'நத்திங்' கொடுத்தேன். உயிர் போய்விட்டது என்ற பேச்சு அதன் பிறகு வரவில்லை.

'மல்டிஸ்வைப்' என்பதையும் நிறுத்திவிடுங்கள். விரலை எடுக்காமல் திசை மாற்றி இழுப்பது அது: கிழக்கே போய்த் தெற்கே திரும்புவது போல. பழகியவர்களுக்கு அருமையான வசதி. புதியவர்களின் ஸ்வைப் நேர்க்கோட்டில் போகாது. வளைந்த கோட்டைச் செயலி வேறு கட்டளையாகப் படித்துவிட்டால் படித்துக்கொண்டிருந்த பக்கத்தையே இழந்துவிடுவார்கள். ஒரு மாதம் கழித்து வேண்டுமானால் இயக்கிக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் நீக்காதீர்கள்: சிறிய அளவில் மூலைவாட்டில் குறுக்காக ஒரு ஸ்வைப் செய்தால் திரை முழுவதும் ஒரு தடவை கறுத்து வெளுத்துப் புதுப்பிக்கப்படும். முந்தைய பக்கத்தின் எழுத்து மங்கலாகத் தங்கிவிடும்போது இது தேவை. எங்கே செய்தாலும் வேலை செய்யும், தவறிச் செய்தாலும் தீங்கில்லை. பழக்குவதற்கு ஏற்ற முதல் சைகை இது என்பது என் எண்ணம்.

5. பக்கம் திருப்பும் பகுதிகள்

தொடக்க அமைப்பில் திரையின் இடது கால் பகுதியைத் தட்டினால் முந்தைய பக்கம், மீதி முக்கால் பகுதியைத் தட்டினால் அடுத்த பக்கம். வலது கையால் பிடிப்பவருக்கு இது போதும். எதையும் மாற்ற வேண்டாம்.

இடது கையால் மட்டும் பிடிப்பவர்களுக்குத்தான் சிக்கல். என் உடன் வேலை செய்யும் பெண் தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரயிலில் நின்றபடியே படிப்பவர். வலது கை மேலே கைப்பிடியில். இடது கையில் கருவி. பெருவிரல் எட்டுவது இடது கால் பகுதி மட்டுமே, அங்கே தட்டினால் பின்னால்தான் போகும். 'பேஜ் டர்ன்ஸ்' பிரிவில் பகுதிகளைத் தலைகீழாக்கும் வழி இருக்கிறது. அதை இயக்கியதும் இடது பக்கம் தட்டினால் அடுத்த பக்கம் என்றாகிவிட்டது. ஸ்வைப்பும் சேர்ந்து தலைகீழாகும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் குழம்புவார்கள்.

ஸ்வைப் வழியாகப் பக்கம் திருப்புவதை இங்கேயே நிறுத்தவும் முடியும். நான் பெரும்பாலும் நிறுத்திவிடுகிறேன். ஓடும் ரயிலில் விரல் வழுக்குவது இயல்பு, வழுக்கல் பக்கத்தைத் திருப்பக் கூடாது.

இதோடு தொடர்புள்ள ஒரு கண்ணி: பட்டியலைத் தட்டலால் திறப்பதா, ஸ்வைப்பால் திறப்பதா, இரண்டாலுமா என்று தேர்ந்தெடுக்க முடியும். ஸ்வைப் மட்டும் என்று வைத்தால் மேல்பகுதியில் தவறிப் படும் தட்டலால் பட்டியல் இறங்காது. நல்லதுதான். ஆனால் கருவிக்கு உரியவரின் கையாலேயே மேலிருந்து கீழே இழுத்துப் பட்டியலைத் திறக்கவைத்துப் பார்த்த பிறகே அப்படி வையுங்கள். பட்டியலுக்குப் போகும் வழி தெரியாதவருக்கு மற்ற எல்லாமே பூட்டிய வீடுதான்.

6. ஒரே ஒரு விரைவுப் பட்டியல் போதும்

இப்போதுதான் சேர்க்கும் வேலை. ஆறு மூலைச் சைகைகளுக்கு ஆறு வேலை என்று பங்கிடாதீர்கள். ஒரே சைகைக்குப் பல வேலைகளைக் கொடுத்து, அவற்றைச் சிறு பட்டியலாகக் காட்டச் சொல்லுங்கள். நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான், மீதி திரையில் எழுத்தாகவே தெரியும்.

எந்தச் சைகை? தடம் விழாத கீழ் மூலையை அழுத்திப் பிடிப்பது. இடது கைக்காரருக்குக் கீழ் வலது, வலது கைக்காரருக்குக் கீழ் இடது. அழுத்திப் பிடிப்பதால் தவறிப் பட்டு இயங்காது.

அந்தச் சைகையைத் திறந்து கீழ்க்கண்டவற்றை ஒவ்வொன்றாகக் குறியிடுங்கள்: விளக்கு அமைப்பைக் காட்டுதல், எழுத்தைப் பெரிதாக்குதல், எழுத்தைச் சிறிதாக்குதல், பொருளடக்கம், முந்தைய இடத்துக்குத் திரும்புதல். ஒன்றுக்கு மேல் குறித்ததும் வரிசையை மாற்றவும், 'குவிக்மெனு'வாகக் காட்டவும் வழி கிடைக்கும். 'குவிக்மெனு'வைக் குறிக்க மறந்துவிட்டால் ஐந்து வேலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மூச்சில் நடக்கும். விளக்கு மாறி, எழுத்து பெரிதாகிச் சிறிதாகி, கடைசியில் வேறு பக்கத்தில் நிற்பீர்கள். புதியவர்கள் செய்யும் தவறுகளில் என்னிடம் அதிகம் வந்தது இதுதான்.

முந்தைய இடத்துக்குத் திரும்புதலைப் பட்டியலின் முதல் வரியில் வையுங்கள். அடிக்குறிப்பைத் தொட்டு எங்கோ போய்விட்டவருக்கும், பொருளடக்கத்தில் தவறான அத்தியாயத்தைத் தொட்டவருக்கும் அதுதான் முதலில் தேவைப்படும். திரும்பி வரலாம் என்று தெரிந்தவர் தயங்காமல் தொடுவார்.

ஐந்துக்கு மேல் சேர்க்க வேண்டாம். பட்டியல் நீண்டால் கண் தேடத் தொடங்கும்.

7. இரு விரல் சைகைகள்

திரையில் இரு விரலை விரித்தால் எழுத்து பெரிதாகும், குவித்தால் சிறிதாகும். செல்போன் பழக்கத்தில் எல்லோரும் முதலில் முயல்வது இதையே. ஆனால் எழுத்தளவு மாறினால் புத்தகம் முழுவதும் மறுபடி பக்கம் பிரிக்கப்படும். ஐந்து பாகங்களை ஒரே கோப்பில் சேர்த்த நாவலில் இதற்குச் சில நொடிகள் பிடிக்கும். அதற்குள் பொறுமையிழந்து மறுபடி விரித்தால் மறுபடி காத்திருப்பு. ஒரு தடவை செய்து, திரை மாறும் வரை விரலை எடுத்துவிடப் பழக்குங்கள். எழுத்தளவு ஒரு முறை பொருந்திவிட்டால் இதையும் நிறுத்திவிடலாம்.

உங்கள் பட்டியலில் இரு விரல் பிரிவே தெரியவில்லை என்றால், அந்தக் கருவியின் திரை ஒரே நேரத்தில் இரண்டு தொடுதலை உணராது. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

8. அழுத்திப் பிடித்தலும் தமிழ்ச் சொற்களும்

ஒரு சொல்லை அழுத்திப் பிடித்தால் அகராதி திறக்கும். பிடித்தபடியே இழுத்தால் பல சொற்கள் தேர்வாகி, கோடிடுதல், குறிப்பெழுதுதல் போன்ற வழிகள் வரும். கோரீடர் ஸ்டார்டிக்ட் வடிவ அகராதிகளைப் படிக்கும். தமிழ் அகராதியைத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

தமிழ் வாசகர்கள் தடுமாறும் இடம் இது. 'வந்திருந்தானென்று' என்பதை அழுத்திப் பிடித்தால் முழுச்சொல்லும் அப்படியே அகராதிக்குப் போகும். அகராதியில் 'வா' இருக்கும், புணர்ந்து விகுதி ஏறிய வடிவம் இருக்காது. எதுவும் கிடைக்கவில்லை என்று வந்ததும் அகராதியே வேலை செய்யவில்லை என்று மூடிவிடுகிறார்கள். அகராதிச் சாளரத்தில் சொல்லின் பக்கத்தில் பென்சில் படம் இருக்கும். அதைத் தொட்டுச் சொல்லின் வாலை நீக்கி மறுபடி தேடுங்கள். 'மரத்தினின்று' என்பதை 'மரம்' ஆக்கித் தேட வேண்டும். வெறும் வாலை வெட்டினால் 'மரத்து' என்றுதான் மிஞ்சும். இரண்டு நாள் இப்படிச் செய்தால் கை பழகிவிடும். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் பழைய நூல்களைப் படிப்பவர்களுக்கு இந்த ஒரு பழக்கம் பெரிய துணை.

மூன்றாம் படியில் அழுத்திப் பிடிக்கும் நேரத்தை 900 ஆக்கியிருந்தால் அகராதிக்கும் அதே நேரம் காத்திருக்க வேண்டும். அத்தையிடம் "மனத்துக்குள் ஒன்று, இரண்டு எண்ணுங்கள்" என்று சொன்னேன், அது போதுமானதாக இருந்தது.

9. கோப்புப் பட்டியலுக்கு மறுபடி

புத்தகத்துக்குள் இருக்கும்போது அமைத்த சைகைகள் புத்தகத்துக்குள் மட்டுமே செல்லும். புத்தகங்களின் பட்டியல் தெரியும் திரைக்குத் தனி அமைப்பு உண்டு. எல்லாம் சரிசெய்தும் விளக்கு இன்னும் அணைகிறது என்று யாராவது சொன்னால், எந்தத் திரையில் என்று கேளுங்கள். புத்தகத்தை மூடி, பட்டியல் திரையிலிருந்து 'ஜெஸ்ச்சர் மேனேஜர்' திறந்து, நான்காம் படியில் நீக்கியவற்றை இங்கேயும் நீக்குங்கள். விரைவுப் பட்டியல் இங்கே தேவைப்படாது.

10. நகல் எடுத்துவைத்தல்

ஒரு வாரம் படிக்கவிட்டுப் பிறகு நகலெடுங்கள். முதல் வாரத்தில் ஏதாவது ஒன்றை மாற்ற நேரும்.

கோரீடரிலிருந்து வெளியேறிய பின் கருவியைக் கணினியோடு இணையுங்கள். திறந்திருக்கும்போது நகலெடுத்தால் கடைசியாகச் செய்த மாற்றங்கள் கோப்பில் எழுதப்படாமல் இருக்கலாம். கிண்டிலில் கோரீடர் என்ற கோப்புறை நேரடியாகத் தெரியும். கோபோவில் அது புள்ளியில் தொடங்கும் பெயருள்ள மறைந்த கோப்புறைக்குள் இருக்கும், மறைந்தவற்றைக் காட்டும்படி கணினியில் அமைத்தால்தான் கண்ணில் படும். உள்ளே 'செட்டிங்ஸ்' என்ற கோப்புறையை முழுவதுமாக நகலெடுங்கள். சைகைகள் அதற்குள் ஒரு கோப்பில்தான் இருக்கின்றன, ஆனால் நேர அளவுகளும் பக்கம் திருப்பும் பகுதிகளும் வேறிடத்தில் பதிவாவதால் அந்த ஒன்றை மட்டும் எடுத்தால் பாதிதான் திரும்பும். அவை கோரீடர் கோப்புறையிலேயே 'செட்டிங்ஸ்.ரீடர்' என்று தொடங்கும் கோப்பில் உள்ளன, அதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பெருவிரல் தடம் குறித்த துண்டுத்தாளை உறையின் உள்பக்கம் செருகிவையுங்கள். கருவி மாறினாலும், செயலியை முதலிலிருந்து நிறுவ நேர்ந்தாலும், இரண்டாம் படியை மறுபடி செய்ய வேண்டியிருக்காது.